மூக்கைப் பார்த்துட்டு 'நில்' எழுதாதீங்க



நம்ம ஆட்களோட வாட்ஸ்அப் குழுக்கள்ல ரெண்டு செய்தி மாறி மாறிச் சுத்திக்கிட்டு இருக்கு. முதலாவது: "அமெரிக்காவுல பன்றி கிட்னியை மனுஷனுக்கு வச்சாச்சு. இன்னும் ரெண்டு வருஷத்துல இந்தியாவுக்கும் வந்துடும். இனி யாரும் யாருக்கும் தானம் பண்ண வேண்டியதில்ல." ரெண்டாவது: "பன்றி உறுப்பை வச்சா அதோட வைரஸும் சேர்ந்து வரும். அடுத்த கொரோனா அதுதான்." பாலக்காட்டு சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரங்க குழுவுல முதல் செய்திக்குக் கைதட்டல். குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்து ஆட்கள் குழுவுல ரெண்டாவதுக்குத்தான் மவுசு. நான் ரெண்டு குழுவுலயும் இருக்கேன். நான் சித்தூர்க்காரன், வீட்டம்மா வண்டிப்பெரியாறு.

நான் பி.காம். படிச்சவன். இருபது வருஷமா வங்கியில குப்பை கொட்டுறேன், இப்போ மஸ்கட்டில. மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனா ஒருத்தர் பேரேட்டுல 'நில்' அப்படின்னு எழுதி நீட்டினா, "யார் எண்ணினது? எங்கே எண்ணினது? எப்போ எண்ணினது?" அப்படின்னு கேக்கத் தெரியும். இந்தப் பன்றி விஷயத்துல மேற்படி ரெண்டு கோஷ்டியுமே கேக்காத கேள்வி அதுதான். முதல் கோஷ்டிக்கு வைரஸ் பூஜ்யம். ரெண்டாவது கோஷ்டிக்கு வைரஸ் கோடி. அளந்தது எப்படின்னு ரெண்டு பேருக்குமே கவலை இல்ல.

நடந்த கதையைச் சுருக்கமா சொல்லிடறேன்.

2022 ஜனவரி 7. அமெரிக்காவுல மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனை. டேவிட் பென்னட் என்கிற 57 வயசுக்காரருக்கு, மரபணுவுல 10 மாற்றம் செஞ்ச பன்றியோட இதயத்தை வச்சாங்க. டாக்டர்கள் பார்ட்லி கிரிஃபித், முகமது மொஹியுதீன். உலகமே பேசினது ஞாபகம் இருக்கும். இதயம் நல்லாத்தான் துடிச்சுது. மார்ச் 8 அன்னிக்கு அவர் இறந்துட்டார். ரெண்டு மாசம்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த இதயத்துல பன்றி சைட்டோமெகலோ வைரஸ் இருந்திருக்கு. "பன்றியைச் சோதிக்காமலா வச்சாங்க?" அப்படின்னு கேப்பீங்க. சோதிச்சாங்க. மூக்குல பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து பிசிஆர் பார்த்தாங்க. கொரோனா சமயத்துல ஏர்போர்ட்டுல நமக்கெல்லாம் விட்டாங்களே, அதே மாதிரி. 'வைரஸ் இல்லை' அப்படின்னு வந்தது. பின்னாடி அதே பன்றியோட மண்ணீரல் திசுவைப் பார்த்தப்போ அங்கே இருந்தது.

இது எப்படின்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சுலபமா சொல்லிடலாம். வாளையார்ல செக்போஸ்ட் இருக்கு. கோவிந்தாபுரத்துல இருக்கு, குமுளியில இருக்கு, கம்பம்மெட்டுல இருக்கு. லாரியை நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க. அதனால ஸ்பிரிட் கடத்தல் நின்னு போச்சா? தென்னந்தோப்பு வழியா ஒரு வண்டித் தடம், மலை மேல ஒரு ஒத்தையடிப் பாதை. கடத்தறவன் செக்போஸ்ட் வழியா ஏன் வரணும்? அன்னைக்கு ரிஜிஸ்டர்ல 'ஒன்றும் பிடிபடவில்லை' அப்படின்னு எழுதினது பொய் இல்ல. ஆனா அதுக்கு அர்த்தம் 'செக்போஸ்ட்டுல ஒன்றும் பிடிபடவில்லை', அவ்வளவுதான். 'பாலக்காட்டுக்குள்ள சொட்டு ஸ்பிரிட் இல்ல' அப்படின்னு அர்த்தம் கிடையாது. இந்த வைரஸும் குட்டியா இருக்கிறப்போ பன்றிக்குத் தொத்தி, அப்புறம் உறுப்புகளுக்குள்ள பதுங்கிக்கிற ஜாதி. மூக்குல தேடினா எப்படிக் கிடைக்கும்?

எனக்கு ஆத்திரம் வர்றது இதுக்கு அப்புறம்தான். இந்த வைரஸால பன்றி இதயம் சீக்கிரம் செயலிழக்கும்னு முன்னாடியே தெரியும்! ஜெர்மனியில மியூனிக் பல்கலைக்கழகத்துல புரூனோ ரைகார்ட் குழு பாபூன் குரங்குகளுக்குப் பன்றி இதயம் வச்சுப் பார்த்தது. வைரஸ் இல்லாத இதயம் கிடைச்ச குரங்கு ஆறு மாசம் வரைக்கும் இருந்தது. வைரஸ் இருந்த இதயம் கிடைச்சதுங்க சில வாரத்துலயே போயிடுச்சு. யோவாகிம் டென்னர் என்கிற வைரஸ் நிபுணரும் அவரோட குழுவும் 2020-லேயே இதைக் கட்டுரையா வெளியிட்டாங்க. பென்னட்டுக்கு அறுவை நடந்தது 2022. நடுவுல ரெண்டு வருஷம்.

நியாயமாவும் பேசணும். பென்னட் இறந்ததுக்கு வைரஸ் மட்டுமே காரணம்னு அந்த டாக்டர்கள் சொல்லல. அவர் ஏற்கெனவே படுத்த படுக்கையா இருந்தவர், கொடுத்த மருந்துகளோட விளைவுகளும் இருந்தது, பல காரணம் சேர்ந்ததுன்னுதான் எழுதியிருக்காங்க. அந்த வைரஸ் அவரோட சொந்த உடம்புச் செல்களைத் தொத்தினதா அத்தாட்சியும் இல்ல. பன்றி இதயத்துக்குள்ளதான் பெருகியிருக்கு. இன்னொண்ணு, அவங்க எதையும் மூடி மறைக்கல. எழுதி உலகத்துக்கே கொடுத்தாங்க. 2023 செப்டம்பர்ல அதே மருத்துவமனையில ரெண்டாவது ஆளுக்கு வச்சப்போ வைரஸ் சோதனையை இன்னும் இறுக்கிப்பிடிச்சுச் செஞ்சாங்க. அவரும் ஆறு வாரத்துலயே இறந்துட்டார். இந்தத் தடவை உடம்பு இதயத்தை ஏத்துக்காததுதான் பிரச்சனை. ஒரு ஓட்டையை அடைச்சா அடுத்தது தெரியும். ஆராய்ச்சின்னா அப்படித்தான். ஆனா முதல் ஓட்டையை அடைக்கத் தெரிஞ்சிருந்தும் அடைக்காம விட்டா அதுக்குப் பேர் ஆராய்ச்சி இல்ல, அவசரம்.

சரி, எப்படித்தான் அளக்கணும்? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

முதல்ல, எங்கே பார்க்கிறோம் என்கிறது. மூக்கு மட்டும் போதாது. ரத்தம், திசு, முடிஞ்சா தாய்ப் பன்றியையும் சேர்த்துப் பார்க்கணும். பிசிஆர்ல வைரஸ் தட்டுப்படாட்டியும், பன்றியோட ரத்தத்துல அந்த வைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தா, அந்த ஆள் ஒரு தடவையாவது வீட்டுக்குள்ள வந்திருக்கார்னு அர்த்தம். ரொம்பச் சின்னக் குட்டிகிட்ட மட்டும் தாயோட எதிர்ப்புப் பொருளே இருக்கலாம். அதனால வயசையும் பார்த்துக் கணக்குப் போடணும். ரெண்டு சோதனையும் வேணும். ரொக்கத்தையும் எண்ணு, வவுச்சரையும் பாரு என்கிற மாதிரி.

ரெண்டாவது, எவ்வளவு சின்ன அளவு வரைக்கும் கருவிக்குத் தெரியும் என்கிறது. 'ரூபாய் கோடிகளில்' அப்படின்னு தலைப்புப் போட்டு முழு எண்ணா அச்சடிச்ச பேலன்ஸ் ஷீட்டுல 3 லட்சம் ரூபாய் பூஜ்யமாத்தான் தெரியும். அதுக்காக 3 லட்சம் இல்லைன்னு ஆயிடுமா? 'வைரஸ் இல்லை' அப்படின்னு எழுதறவர் 'இத்தனை பிரதிக்குக் கீழே என் கருவிக்குத் தெரியாது' அப்படின்னும் பக்கத்துல எழுதணும். பென்னட்டோட ரத்தத்துல 20-ஆம் நாள் வைரஸ் தடயம் மிக மிகச் சின்ன அளவுல தெரிஞ்சது. ஆய்வகத் தவறா இருக்கலாமோ என்கிற அளவுக்குச் சின்னது. அடுத்த சில வாரத்துல அது மேல ஏறிடுச்சு. ஒரு தடவை அளந்த எண் ஒரு புள்ளி. திரும்பத் திரும்ப அளந்தாத்தான் அது ஏறுதா இறங்குதான்னு தெரியும்.

மூணாவதுதான் கொஞ்சம் சிக்கல். பன்றியோட மரபணுவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையா எழுதி வச்ச வைரஸ் ஒண்ணு இருக்கு. ஆங்கிலத்துல சுருக்கமா 'பெர்வ்' அப்படின்னு சொல்றாங்க. எவ்வளவு சுத்தமான கொட்டில்ல வளர்த்தாலும் இது போகாது, ஏன்னா இது வெளியே இருந்து வர்றது இல்ல. ஆய்வகத் தட்டுல இது மனுஷ செல்லைத் தொத்தும்னு 1997-ல ராபின் வைஸ் குழு லண்டன்ல கண்டுபிடிச்சது. உலகமே அரண்டு போச்சு. ஆனா பன்றித் திசுவோட தொடர்பு ஏற்பட்ட 160 பேரை 1999-ல சோதிச்சுப் பார்த்தப்போ ஒருத்தருக்கும் தொத்தல. இன்னிக்கு வரைக்கும் உயிரோட இருக்கிற மனுஷனுக்கு இது தொத்தினதா ஒரு அத்தாட்சி இல்ல. 'அடுத்த கொரோனா' கோஷ்டி இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிக்கவும்.

இதை அளக்கிறதுலதான் ஒரு கணக்குப்பிள்ளை வேலை இருக்கு. உறுப்பு வச்சவரோட ரத்தத்துல 'பெர்வ்' தடயம் கிடைச்சா தொத்திடுச்சுன்னு அர்த்தமா? இல்ல. பன்றி உறுப்பிலிருந்து சில செல்கள் உதிர்ந்து ரத்தத்துல சுத்தும். அந்தச் செல்லுக்குள்ள இந்த வைரஸ் எழுத்து இருக்கத்தானே செய்யும்? அதனால பன்றிச் செல் எவ்வளவு இருக்குன்னு தனியா அளந்து கழிக்கணும். பன்றிச் செல் அளவுக்கு மேல வைரஸ் கணக்கு வந்தாத்தான் சந்தேகம். கழிக்கத் தெரியாதவர் கையில இந்த எண்ணைக் கொடுத்தா சும்மாவே பீதி கிளப்புவார். 2024 மார்ச்ல பாஸ்டன்ல வச்ச கிட்னிக்கு 69 மரபணு மாற்றம் செஞ்சாங்க. அதுல 59 மாற்றம் இந்த வைரஸோட பிரதிகளை முடக்கிறதுக்காக மட்டுமே. எவ்வளவு சிரத்தை பாருங்க!

இடையில ஒரு அதிமேதாவி வாதம் வரும். "பன்றி வால்வை ஐம்பது வருஷமா இதயத்துல வைக்கிறாங்களே, என்ன ஆச்சு?" ஐயா, அந்த வால்வு ரசாயனத்துல ஊறவச்சுப் பதப்படுத்தின உயிரில்லாத திசு. கருவாடு மாதிரின்னு வச்சுக்கோங்க. இது உயிரோட ரத்தம் ஓடற உறுப்பு. கருவாட்டை வச்சுக்கிட்டு மீன்தொட்டிக்கு உத்தரவாதம் கொடுக்காதீங்க :-)

"அதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கு என்ன?" அப்படின்னா, நம்ம நாட்டுக் கதையும் ஒண்ணு இருக்கு. 1997 ஜனவரி 1. அசாம்ல குவாஹாட்டி பக்கத்துல சோனாபூர். டாக்டர் தனிராம் பருவா, 32 வயசு நோயாளி ஒருத்தருக்குப் பன்றி இதயம் வச்சார். பென்னட்டுக்கு 25 வருஷம் முன்னாடி! நோயாளி ஏழாம் நாள் இறந்துட்டார். தொற்றுகள்தான் காரணம்னு சொன்னாங்க. 1994-ஆம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டத்துல பதிவு செய்யாம அறுவை செஞ்சார்னு பருவாவைக் கைது செஞ்சு 40 நாள் ஜெயில்ல வச்சாங்க. இப்போ சில பேர் அவரை 'காலத்தை முந்தின மேதை' அப்படின்னு கொண்டாடுறாங்க. அவரோட துணிச்சலைப் பேசறவங்ககிட்ட நான் கேக்கிறது ஒண்ணுதான்: அந்தப் பன்றியைச் சோதிச்ச காகிதம் எங்கே? 1997-ல இந்த வைரஸையெல்லாம் அளக்கிற வசதி உலகத்துலயே அரிது. அளக்கவே முடியாத காலத்துல ஒரு நோயாளி உடம்புல செஞ்சு பார்த்ததுக்குப் பேர் முன்னோடியா?

இப்போ நம்ம மலைக்கு வர்றேன். 2022 ஜூலையில வயநாட்டுல ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. மாதிரியை எடுத்து எங்கே அனுப்பினாங்க தெரியுமா? போபால். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. வெளி மாநிலத்திலிருந்து பன்றி வர்றதுக்குக் கேரளா தடை போட்டது. வாளையாரும் குமுளியும் பன்றி லாரியைத் திருப்பி அனுப்பின காலம் அது. அந்த வருஷக் கடைசியில இடுக்கி மாவட்டத்துக்கும் நோய் வந்தது. பண்ணையைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்த பன்றியையெல்லாம் கொன்னு புதைக்கிறதுதான் விதி. கடன் வாங்கிப் பண்ணை போட்டவங்க கதி என்ன ஆச்சுன்னு கடன் கொடுக்கிற தொழில்ல இருக்கிற எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன்: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனுஷனுக்கு வராது. அதையும் உறுப்பு மாற்றையும் போட்டுக் குழப்பற வீடியோக்களை நம்பாதீங்க. நான் அதைச் சொல்றது வேற காரணத்துக்கு. பண்ணையில கொத்துக்கொத்தா பன்றி செத்து விழற, கண்ணுக்குத் தெரியற நோயை உறுதி செய்யவே நாம போபாலுக்குப் பார்சல் அனுப்பினோம். உறுப்புக்குள்ள சத்தமில்லாம பதுங்கற வைரஸை நாள்தோறும் அளக்க நம்மகிட்ட என்ன ஏற்பாடு இருக்கு? உறுப்பு தர்ற பன்றியைக் காத்து வடிகட்டின மூடிய கட்டடத்துல, தாய்கிட்டேயிருந்து சீக்கிரமே பிரிச்சு, தலைமுறைக் கணக்கோட வளர்க்கணும். நாளைக்கே ஒரு கார்ப்பரேட் ஆஸ்பத்திரி 'ஆசியாவிலேயே முதன்முறை' அப்படின்னு மைக் முன்னாடி உக்காரும். அன்னிக்கு நிருபர்கள் 'எத்தனை மணி நேரம் ஆச்சு டாக்டர்?' அப்படின்னு கேப்பாங்க. 'எந்தத் திசுவுல எத்தனை தடவை அளந்தீங்க?' அப்படின்னு கேக்க ஒருத்தராவது வேணும்.

அதனால என் கோரிக்கை அஞ்சு.

1. பன்றி, அதோட தாய், அது வளர்ந்த கூட்டம், மூணுக்கும் சோதனைக் கணக்கு இருக்கணும்.

2. ஒவ்வொரு 'இல்லை'க்கும் பக்கத்துல எங்கே, எப்போ, எந்தச் சோதனை, எவ்வளவு சின்ன அளவு வரை தெரியும் என்கிறதை எழுதணும்.

3. உறுப்பு வச்சதுக்கு அப்புறமும் குறிச்ச நாள்ல திரும்பத் திரும்ப அளக்கணும். சின்ன எண் வந்தா 'கருவித் தப்பு'ன்னு ஒதுக்காம மறுநாளே மறுபடி பார்க்கணும்.

4. மாதிரிகளைப் பல வருஷம் பாதுகாக்கணும். 2001-ல அமெரிக்க அரசு விதி எழுதினப்போ 50 வருஷம்னு எழுதினாங்க. நல்ல முடிவு, கெட்ட முடிவு ரெண்டையும் வெளியிடணும்.

5. பன்றியை விக்கிற கம்பெனியே சோதிச்சுச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது. வங்கியில 500 ரூபாய் வவுச்சருக்கே எழுதறவர் ஒருத்தர், சரிபார்க்கிறவர் வேறொருத்தர். உயிருக்கு அது வேண்டாமா?

இப்போ இதையெல்லாம் எதுக்கு இவ்வளவு சூடா எழுதறேன்னு சொல்லிடறேன். வீட்டம்மாவோட பெரியப்பா பையன், வண்டிப்பெரியாறுக்காரர், 46 வயசு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். மலைப்பாதையில போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். அவரோட கூடப்பிறந்த அக்கா கிட்னி தர ஒத்துக்கிட்டாங்க. ரத்தப் பிரிவு சேர்ந்தது, பாதிச் சோதனை முடிஞ்சது. அந்த நேரத்துல முதல் ஃபார்வர்டு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், வீட்டுல பேச்சு திரும்பிடுச்சு. "மாப்ளே, ரெண்டு வருஷத்துல பன்னிக் கிட்னி வந்துருமாமே, எதுக்குப் பொம்பளப் புள்ள வயித்தக் கிழிக்கணும்?" அப்படின்னு பெரிய மாமா போன்ல கேட்டார்.

அவர்கிட்ட நான் சொன்ன கணக்கு இதுதான். 2024 மார்ச்ல பாஸ்டன்ல வச்ச முதல் ஆள் ரெண்டு மாசத்துல இறந்துட்டார். கிட்னிதான் காரணம்னு அத்தாட்சி இல்லைன்னு டாக்டர்கள் சொன்னாங்க, இருந்தாலும் கணக்கு ரெண்டு மாசம். 2024 நவம்பர்ல நியூயார்க்ல வச்சது 130 நாள்ல எடுத்தாச்சு. 2025 ஜனவரியில பாஸ்டன்ல வச்சது 271 நாள் ஓடி, அக்டோபர்ல எடுத்தாங்க. அப்போதைக்கு அதுதான் சாதனை. முறையான பரிசோதனைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்ததே 2025-லதான். "மாமா, அக்கா தர்ற கிட்னி பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடறது சாதாரணம். நீங்க பதினஞ்சு வருஷ டெபாசிட்டை உடைச்சு இன்னும் ஆரம்பிக்காத சீட்டுல போடச் சொல்றீங்க." மாமா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அளந்தவன் யாருன்னு கேக்காம விட்டுட்டமே" அப்படின்னார். அக்காவோட மீதிச் சோதனை இந்த மாசம் நடக்குது.

பன்றி உறுப்பு வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. வரணும். காத்திருக்கிறவங்க பட்டியல் அவ்வளவு நீளம். என் ராவுத்தர் நண்பர் ஒருத்தர் "எங்களுக்கு ஆகுமா?" அப்படின்னு கேட்டார், அது அவங்க பெரியவங்க முடிவு பண்ண வேண்டியது, நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனா அளந்து வரட்டும். வர்ற வரைக்கும் கையில இருக்கிறதை விடாதீங்க. 2008-ல சென்னையில ஹிதேந்திரனோட பெற்றோர் எடுத்த முடிவு தமிழ்நாட்டையே மாத்தினது. கேரளாவுல மிருதசஞ்சீவனி 2012-ல இருந்து நடக்குது. உறுப்பு தந்தவங்களுக்கு அரசு மரியாதைன்னு 2023-ல தமிழ்நாடு அறிவிச்சது. லீவுல ஊருக்குப் போறப்போ நகைக்கடைக்குப் போற நேரத்துல பத்து நிமிஷம் ஒதுக்கி உறுப்புதானப் பதிவைப் போடுங்க. முக்கியமா வீட்டுல வாய்விட்டுச் சொல்லி வைங்க. கடைசியில கையெழுத்துப் போடப் போறது அவங்கதான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. உங்க வீட்டு நோயாளிக்கு என்ன பண்றதுன்னு உங்க டாக்டரைக் கேளுங்க. ஆனா அவர் 'இல்லை' அப்படின்னு சொன்னா, 'எங்கே பார்த்தீங்க?' அப்படின்னு மரியாதையா ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.